பெயர் வைப்பதற்கு முன் எங்களைக் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி துறைமுக முனையங்கள் 2027க்குள் தீவின் மேற்கு முனையில் உள்ள துவாசுக்கு மாறிவிடும், அந்த இடத்தில் வீடுகளும் அலுவலகங்களும் பூங்காக்களும் கடலோர நடைபாதையும் வரப்போகின்றன என்று உங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். அந்தத் துறைமுகத்தில் 41 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எனக்கு முன் என் அப்பா அங்கேயே மூட்டை தூக்கினார். அந்த உரிமையில் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கிறேன். அங்கே வரப்போகும் தெருக்களுக்கும் திடல்களுக்கும் பெயர் வைப்பதற்கு முன், அங்கே வேலை செய்தவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். கேட்பதற்கு இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறோம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சின்னச் சம்பவம். சில மாதங்களுக்கு முன் என் பேத்தி என்னை ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனாள். நகரத்தின் மாதிரி வடிவத்தை மேசை மீது அழகாக அமைத்திருந்தார்கள். தென்கரை முழுவதும் வெள்ளை நிறக் குட்டிக் கட்டடங்கள், பச்சை மரங்கள். அங்கே நின்றிருந்த இளம் பெண் மிகவும் மரியாதையாக, "அங்கிள், நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டார். விரலை நீட்டினேன். ஆனால் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. பழக்கப்பட்ட ஓர் அடையாளமும் அந்த மேசையில் இல்லை. கடைசியில் பிரானித் தீவை வைத்துக் கணக்குப் போட்டு, "இங்கேதான், கிட்டத்தட்ட" என்றேன். அவர் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டார்: "உங்கள் ஆட்கள் இந்த இடத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?"

ஐம்பது வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பதில் நிறைய இருந்தது. ஆனால் பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்துவிட்டது, அந்தப் பிள்ளை அவர்களைக் கவனிக்கப் போக வேண்டியிருந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

அப்பா மன்னார்குடிப் பக்கத்து ஊர்க்காரர். 1949இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து இங்கே வந்தார். அந்தக் கப்பலின் பெயரைக் கேட்டாலே என் வயதுக்காரர்களின் முகம் மாறும். ஊரிலிருந்து வந்த கடிதமும் ஊறுகாயும் உறவினரும் அதில்தான் வந்தார்கள். அப்பாவுக்கு ஹார்பர் போர்டில் வேலை கிடைத்தது. 1864இல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனியாகத் தொடங்கி, 1905இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, 1913இல் ஹார்பர் போர்டு ஆனது என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. 1964இல் அது துறைமுக ஆணையமாக மாறிய பிறகும் அப்பாவுக்குக் கடைசி வரை அது "போடு"தான்.

ஸ்பாட்டிஸ்வுட் பார்க் பக்கத்தில் துறைமுக ஊழியர் குடியிருப்பில் எங்கள் வீடு. ஓர் அறை, முன்னால் சின்னத் தாழ்வாரம். இடது பக்கம் மலையாளிக் குடும்பம், வலது பக்கம் மலாய்க் குடும்பம். அப்பாவின் சட்டையை அம்மா மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க மாட்டார். கொப்பரை இறக்கிய நாளில் எண்ணெய்ச் சிக்கு வாடை, ரப்பர் ஏற்றிய நாளில் புகை வாடை, உப்புக் கருவாடு என்றால் சொல்லவே வேண்டாம். அப்பா எந்தக் கிடங்கில் வேலை பார்த்தார் என்பதை நாங்கள் வாடையை வைத்தே சொல்லிவிடுவோம்.

அப்பாவிடம் ஒரு கொக்கி இருந்தது. மரப்பிடியில் வளைந்த இரும்பு. கோணிச் சாக்கின் மூலையில் அதைச் செருகி ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழுவித் துடைத்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மாட்டுவார். நாங்கள் தொட்டால் அடி விழும். இப்போது அது தெலுக் பிளாங்காவில் என் வீட்டில் இருக்கிறது. பிடியில் அப்பாவின் கட்டைவிரல் பதிந்த இடம் இன்னும் பள்ளமாக இருக்கிறது.

கிடங்குகளுக்கு எண்கள் இருந்தன. கணக்கப்பிள்ளை அந்த எண்ணைத்தான் எழுதுவார். ஆனால் அப்பாவின் கூட்டத்தில் யாரும் எண் சொல்லிப் பேச மாட்டார்கள். "கொப்பரைக் கிடங்கு", "சீனிக் கிடங்கு" என்பார்கள். ரஜூலா வந்து நிற்கும் இடம் "ரஜூலாத் துறை". கப்பல் வராத நாளில் ஆட்கள் நிழலுக்கு ஒதுங்கும் மரத்தடிக்கு "சும்மாத் திடல்" என்று பெயர். ஓலைக் கூரை போட்ட சரபாத் கடை ஒன்று இருந்தது, கடையநல்லூர்க்காரர் வைத்திருந்தார். அங்கே மாலையில் ஒருவர் தமிழ் முரசைச் சத்தமாக வாசிப்பார். பத்துப் பதினைந்து பேர் டீ கிளாஸோடு சுற்றி நின்று கேட்பார்கள். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அவருக்குச் செய்தி வந்தது அந்த வழியில்தான். அந்த இடத்தை "வாசிக்கிற கடை" என்பார்கள். இந்தப் பெயர்கள் எதுவும் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

இன்னொரு சொல்லையும் சொல்ல வேண்டும். பளு தூக்கியை இயக்குபவரிடம் சுமையை இறக்கச் சொல்லும்போது கப்பல் தளத்தில் நிற்பவர் கையைத் தாழ்த்தி "ஆரியா!" என்று கத்துவார். சின்ன வயதில் அதை வேறு ஏதோ பொருள் என்று நினைத்திருந்தேன். அது போர்த்துகீசியக் கப்பல்காரர்களின் சொல், மலாய் மொழிக்குள் வந்து, அங்கிருந்து எங்கள் வாய்க்கு வந்தது. தமிழர், மலாய்க்காரர், சீனர், மலையாளி எல்லாருக்கும் அந்த ஒரு சொல் போதும். தூக்கிய சுமைக்குக் கீழே ஆள் நிற்கும் வேலையில் சொல் தவறினால் உயிர் தவறும். நான்கு மொழி பேசிய ஆட்கள் சேர்ந்து பிழைத்த சொல் அது.

1972 ஜூன் 23ஆம் தேதி நிஹோன் என்ற கப்பல் தஞ்சோங் பகாரில் வந்து நின்றது. நம் நாட்டுக்கு வந்த முதல் கன்டெய்னர் கப்பல். ரோட்டர்டாமிலிருந்து வந்தது. நான் அப்போது தேசிய சேவையில் இருந்தேன். விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். "இரும்புப் பெட்டிடா. உள்ளே என்ன இருக்குன்னு வாடையே வரலை" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு கூட்டம் நாள் கணக்கில் மூட்டை மூட்டையாக இறக்கிய சரக்கைப் பாரந்தூக்கி ஒன்று மணிக்கணக்கில் இறக்கிவிட்டது. கொக்கிக்கு இனி வேலை இல்லை என்று அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் 1978இல் ஓய்வு பெறும்வரை தினமும் அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனார்.

நான் 1974இல் சேர்ந்தேன். முதலில் சரக்கு எண்ணும் எழுத்தர் வேலை. பிறகு லாஷிங். கன்டெய்னர்களைக் கப்பலோடு இரும்புக் கம்பிகளால் இறுகக் கட்டுவதும், வந்த கப்பலில் கட்டை அவிழ்ப்பதும் அந்த வேலை. கம்பி ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், மழையில் வழுக்கும். இரவு இரண்டு மணிக்குக் கன்டெய்னர் அடுக்கின் இடுக்கில் நின்று கம்பியின் கொண்டியை மேலே உள்ள துளையில் மாட்டுவது எப்படி என்று மலாய்க்கார மண்டோர் (மேஸ்திரி) ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். "கண்ணால் மாட்டாதே, காதால் மாட்டு" என்பார். சரியாக உட்கார்ந்தால் ஒரு சத்தம் வரும். அது வராவிட்டால் மறுபடியும் மாட்ட வேண்டும். பிற்பாடு மேற்பார்வையாளராகி, 2015இல் ஓய்வு பெறும்வரை நானும் புதிதாக வந்த தம்பிகளுக்கு அதையேதான் சொன்னேன்.

சரி, பழைய கதையை விட்டுத் திட்டத்துக்கு வருகிறேன்.

இடமாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. கப்பல்கள் பெரிதாகிவிட்டன, நகரத்தின் நடுவில் துறைமுகம் இனி வளர முடியாது. 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகம் 2040களில் முழுமையாக முடியும்போது ஆண்டுக்கு, 20 அடிப் பெட்டிக் கணக்கில், 6.5 கோடி கன்டெய்னர்களைக் கையாளும் என்கிறார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் அங்கே கன்டெய்னர்களைச் சுமந்து ஓடுகின்றன. மழையில் ஒரு மனிதன் இடுக்கில் நின்று சிரமப்படுவது குறையும் என்றால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. பாசிர் பாஞ்சாங் முனையமும் 2040 வாக்கில் காலியாகும். தெற்கு நீர்முகப்பு என்கிற இந்தத் திட்டத்தில் பாசிர் பாஞ்சாங் முதல் மரினா ஈஸ்ட் வரை 30 கிலோமீட்டர் கரை, 2,000 ஹெக்டர் நிலம், அதாவது மரினா பேயைப் போல ஆறு மடங்கு என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். அவ்வளவு இடம் இளம் குடும்பங்களுக்கு வீடாகப் போகிறது. நல்லதுதான்.

அதிலும் ஒரு விஷயத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். கெப்பல் கிளப்பின் பழைய கோல்ஃப் மைதானத்தில் வரும் பேட்டைக்கு "பெர்லாயர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) முன்பதிவு வாங்கிக் கட்டித்தரும் முதல் பிடிஓ வீடுகள் விற்பனைக்கு வந்தன. மலாய் மொழியில் பெர்லாயர் என்றால் பாய்மரம் விரித்துக் கடலில் செல்வது. அந்தப் பக்கத்து நீர்வழியின் வாயிலில் முன்பு ஒரு பாறை நின்றது, "பத்து பெர்லாயர்". மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். பெரிய கப்பல்கள் நுழைய வழியை அகலப்படுத்த 1848இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாறை போய் 170 வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் அங்கே குடிபோகும் ஒரு குழந்தை, "எங்கள் பேட்டைக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டால், அந்தப் பாறையின் கதையை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். பெயர் வைத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு என் நன்றி.

அங்கிருந்து கடலோரமாகக் கொஞ்சம் நடந்தால் கெப்பல் பே. அங்கே கிங்ஸ் டாக் இருக்கிறது. 1913இல் திறந்தபோது உலகத்திலேயே இரண்டாவது பெரிய உலர்துறை அது. கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்துவிட்டு, அடிவயிற்றைச் சுரண்டிப் பழுதுபார்ப்பார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து எத்தனையோ பேர் அங்கே பற்றவைக்கவும் சாயம் அடிக்கவும் போனார்கள். 1968இல் துறைமுக ஆணையத்தின் பழுதுபார்ப்புப் பிரிவு கெப்பல் கப்பல் பட்டறையாகத் தனியே பிரிந்தபோது அவர்களும் அங்கே மாறினார்கள். பட்டறை வேறு இடம் போன பிறகு, அந்தத் துறையைச் சுற்றி எழுந்த முதல் பெரிய அடுக்குமாடிக்கு "கரீபியன்" என்று பெயர் வைத்தார்கள். அழகான கட்டடம்தான், நடைபாதையும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு கனத்தது. இரண்டு உலகப் போர்களைப் பார்த்த துறை, மூன்று தலைமுறை உழைத்த இடம், அதன் மேல் வேறொரு கடலின் பெயர். பல ஆண்டுகள் கழித்துப் பக்கத்திலேயே வந்த இன்னொரு அடுக்குமாடி, கிங்ஸ் டாக் என்பதைத் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. எனக்கு ஒரு பழைய நண்பர் வீடு திரும்பியது போல இருந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் வாசலில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். 1828 முதல் 1830க்குள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. கட்டிய நாளில் வாசலுக்கு எதிரே கடல். கப்பலிலிருந்து இறங்கியவர் நேரே வந்து நன்றி சொல்லிவிட்டுத்தான் ஊருக்குள் போவார். 1879இல் அந்த வளைகுடாவைத் தூர்க்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அலுவலகக் கோபுரங்கள்தான். கடல் இருந்ததற்குத் தெருவில் மிச்சமிருக்கும் சாட்சி ஒன்றுதான்: தெலுக் ஆயர், அதாவது நீர் வளைகுடா. தஞ்சோங் பகாரும் அப்படித்தான். தஞ்சோங் என்றால் முனை, பகார் என்றால் வேலி. மீன் பிடிக்கக் கடலில் முளை ஊன்றிய செம்படவர்களின் ஞாபகம் அந்தப் பெயரில் இருக்கிறது. அந்த மீனவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. ஆனாலும் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி ஒவ்வொரு முறையும் அவர்களின் வேலையைச் சொல்கிறது.

நம் ஆட்களும் ஒருகாலத்தில் பெயர் வைத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் சிராங்கூன் சாலைப் பக்கத்தைச் "சுண்ணாம்புக் கம்பம்" என்றார்கள். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்ததால் மார்க்கெட் ஸ்திரீட் "கிட்டங்கித் தெரு". அவை பேச்சோடு நின்றுவிட்டன. தஞ்சோங் பகார் பக்கம் பலகையில் ஏறிய தமிழூர்ப் பெயர் கடையநல்லூர்த் தெரு. மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, பலர் கவனிக்காமல் கடந்துபோவார்கள். நான் படித்தது உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய பள்ளி. துறைமுகத் தொழிலாளர் பிள்ளைகள், இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்று பாராமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். 1982இல் பள்ளி மூடப்பட்டது. ஆனால் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் என்று அந்தப் பெயர் தொடர்கிறது. என் பேத்தி தமிழ் படித்தது அங்கேதான். அவள் சேர்ந்த அன்று நான் அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

கட்டடங்களைக் காப்பாற்றுவதில் நம் நாடு நன்றாகவே செய்கிறது. 1932இல் திறந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 2011இல் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. 1927இல் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் மின் நிலையமும் அப்படியே நிற்கிறது. ஆனால் துறைமுகத்தில் காப்பாற்றுவதற்கு என்ன கட்டடம் இருக்கிறது? சிமெண்டுத் தரையும் பாரந்தூக்கிகளும்தான். எங்கள் வேலை தரையில் எந்தத் தடயமும் விடாத வேலை. ஏற்றுவோம், இறக்குவோம், கப்பல் போய்விடும். அதனால்தான் சொற்களைக் கேட்கச் சொல்கிறேன், எங்களிடம் மிச்சமிருப்பது அவைதான்.

சிங்கப்பூர் ஆற்றை நினைத்துப் பாருங்கள். 1983இல் தொங்கான் எனும் சரக்குப் படகுகளை எல்லாம் ஆற்றிலிருந்து பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு சுத்தமானது, போட் கீ முழுக்க உணவகங்கள் வந்தன. கரையில் வெண்கலச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் வெள்ளைக்கார வணிகர் பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் கூலியாட்கள் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அந்தச் சிலைகளோடு படம் எடுப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மூட்டை ஏற்றுபவரைப் பார்த்தால் எனக்கு அப்பா ஞாபகம் வரும். ஆனால் அந்த வேலையை அவர்கள் என்ன சொல்லிக் குறிப்பிட்டார்கள், மதியம் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைக் கேட்டு எழுதும் அளவுக்கு அன்று யாருக்கும் நேரம் இருந்ததா என்று நினைத்துக்கொள்வேன். தொங்கான் ஓட்டிய என் சீன நண்பர் ஒருவர் ஆற்றின் ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஹொக்கியனில் ஒரு பெயர் சொல்வார். அவர் இறந்து பதினோரு வருடமாகிறது. நான் அவற்றை எழுதி வைக்கவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கீழ் தெரு, கட்டடப் பெயர் வாரியம் இருக்கிறது. புதிய தெருக்களின் பெயர்கள் அங்கேதான் முடிவாகின்றன. அந்த வாரியத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். தெற்கு நீர்முகப்பில் வரும் தெருக்களின் பெயர்களை விற்பனைத் துறையினரின் கையில் விட்டுவிடாதீர்கள். அங்கே வேலை செய்த ஓய்வுபெற்ற ஊழியர்களை, நான்கு மொழிக்காரர்களையும், அழைத்து ஒரு பட்டியல் எடுங்கள். ரஜூலா என்று ஒரு தெரு இருக்கட்டும். எத்தனை ஆயிரம் குடும்பங்கள் அந்தக் கப்பலில் வந்திறங்கின! ஆரியா என்று ஒரு திடல் இருக்கட்டும். அது எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத, எல்லாரும் சேர்ந்து பேசிய சொல். பிரானித் தீவில் 1890இலிருந்து ஈயம் உருக்கினார்கள், தண்ணீரில் கால் ஊன்றிய வீடுகளில் மலாய்க் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களிடம் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். சீக்கியப் போலீஸ்காரர்கள் 1924இல் சிலாட் சாலையில் எழுப்பிய குருத்துவாராவில் போய்க் கேட்டால், அவர்களும் சொல்வார்கள்.

வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பலருடைய குரலைப் பதிவு செய்து வருகிறது. அதைப் பெரிதும் மதிக்கிறேன். துறைமுக ஊழியர்களைப் பதிவு செய்ய இன்னும் ஆட்கள் வந்தால், முடிந்தால் முனையத்துக்குள்ளேயே கூட்டிப்போய், பாரந்தூக்கிக்குக் கீழே நிற்க வைத்துக் கேளுங்கள். வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தால் பாதிதான் ஞாபகம் வருகிறது. கண்காட்சியில் மேசைக்கு முன்னால் எனக்கு நடந்தது அதுதான். அந்த இடம் கண்முன் இருந்தால் கால் தானாகவே வழி சொல்லும். 2027க்குப் பிறகு அந்தத் தரை உடைபட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை. அவரவர் தாய்மொழியில் பேச விடுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஆட்கள் வேலைக்கு வைத்திருந்த சொற்களுக்கு ஆங்கிலம் கிடையாது.

இன்னொன்று. கப்பலின் கயிற்றை மாட்டும் இரும்புக் குற்றிகள் கரையோரம் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பிடுங்க வேண்டாம். புதிய நடைபாதையில் மக்கள் உட்காருவதற்கு அதைவிட நல்ல இருக்கை கிடையாது, நாங்கள் நாற்பது வருடம் அதில்தான் உட்கார்ந்தோம். ஒரு பாரந்தூக்கியையாவது நிற்க விடுங்கள். நடைபாதை முழுக்க முழுக்கப் பொதுவாக இருக்கட்டும். விலை உயர்ந்த மாடிகளில் குடியிருப்பவருக்கு மட்டும் கடல் தெரிந்தால் போதாது. அந்தப் பேட்டையை வெயிலில் நின்று கட்டப்போவது தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வரும் தம்பிகள்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களும் அந்தக் கரையில் வந்து தயங்காமல் உட்கார முடிய வேண்டும்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை காலை தெலுக் பிளாங்காவில் ஒரு காப்பிக் கடையில் கூடுகிறோம். இந்தக் கண்காட்சிக் கதையை அங்கே சொன்னதும், ஆளுக்கு ஒரு பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சண்டையே வந்தது. சீனிக் கிடங்கு எந்தப் பக்கம் இருந்தது என்று இரண்டு பேர் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை 34 பெயர்கள். எந்தப் பெயரை யார் சொன்னார், எந்த வருடத்தில் அங்கே வேலை செய்தார் என்பதையும் எதிரே குறித்திருக்கிறேன். யார் கேட்டாலும் தரத் தயார்.

எங்களைவிட அதிகம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அப்பாவின் கூட்டத்திலேயே வயதில் இளையவர், இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டார், முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன வாரம் கொக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கையில் கொடுத்ததும் பிடியைத் தடவிப் பார்த்து, அப்பாவின் பெயரைச் சரியாகச் சொன்னார். அப்புறம் எனக்குத் தெரியாத ஆறு பெயர்களைச் சொன்னார். அவரைப் பார்க்க யாராவது வருவதாக இருந்தால் நான் கூடவே வருகிறேன். காலை பத்து மணிக்குள் போக வேண்டும். சாப்பிட்ட பிறகு தூங்கிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
தெலுக் பிளாங்கா